ஈப்போவில் எனக்கு வராத நோய்

ஈப்போ ரயிலடியில் இறங்கிய என்னிடம் மாமியார் கேட்ட முதல் கேள்வி, "பசியாறியாச்சா மாப்பிள?" அந்த ஊரில் காலைப் பலகாரம் சாப்பிடுவதற்குப் பசியாறுவது என்று பெயர். இல்லை என்று சொல்லித் தொலைத்தேன். பெட்டியைக்கூட வீட்டில் வைக்க விடாமல் ஒரு சீனக் காப்பிக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். பளிங்கு மேசை, டின்பால் ஊற்றிய காப்பி, சுட்ட ரொட்டி, ஒரு கிண்ணத்தில் வெந்தும் வேகாத முட்டை. அந்த முட்டையில் மிளகுத்தூளும் ஏதோ ஒரு கறுப்புச் சாறும் விட்டுக் கலக்கிக் குடிக்க வேண்டுமாம். பாளையங்கோட்டையில் இப்படி முட்டை வைத்தால், கடையில் விறகு தீர்ந்துபோச்சா என்று கேட்டுச் சண்டை வந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வந்த முதல் நாளே அதை ஒப்புக்கொள்வேனா?

இது எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. நான் பாளையங்கோட்டையில் தட்டச்சுப் பள்ளி நடத்தி வந்தவன். மலேசியாவிலிருந்து எங்கள் ஊருக்குக் கல்லூரியில் படிக்க வந்த ரெஜினாவைக் கட்டிக்கொண்டேன். படிப்பு முடிந்ததும் அவள் முன்னால் ஊருக்குப் போனாள், நான் பின்னால் போனேன். கப்பல் கதையெல்லாம் இங்கே வேண்டாம். எல்லோரும் வாந்தி எடுத்தார்கள், நானும் எடுத்தேன்.

மாமியார் லூர்தம்மா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். மாமனார் தவறிய பிறகு, தோட்டத்தையும் முதலாளி துண்டு போட்டு விற்றுவிட, ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்குக்குக் குடிவந்து ஒரு தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடத்தில் சமைத்துக்கொண்டிருந்தார். ரெஜினா அவருக்கு ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளை எனக்கு எழுதிய கடிதத்தில் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "இங்கே உங்களை இருக்க விடவில்லையென்றால் நான் உங்களோடு கிளம்பிவிடுவேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்." அம்மா அதற்கு என்ன சொன்னார் என்று நேரில் கேட்டேன். "சரின்னாங்க. அடுப்படிக்குப் போயிட்டாங்க" என்றாள்.

திங்கட்கிழமை குடிநுழைவு அலுவலகத்துக்கு, அதாவது வெளிநாட்டார் தங்குவதற்குப் பாஸ் கொடுக்கும் இடத்துக்குப் போனோம். எங்கள் ஊரில் அரசாங்க அலுவலகம் என்றால் பியூனிலிருந்து ஆரம்பித்துக் கும்பிட்டுக்கொண்டே போக வேண்டும். இங்கே புவான் ஹலீமா என்ற மலாய் அம்மையார் எங்களை உட்காரச் சொன்னதும் எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. அவர் மலாயில் சொன்னதை ரெஜினா தமிழில் சொன்னாள். மனைவி இந்த நாட்டுக் குடிமகள், அது சரி. ஆனால் கணவர் அந்நியர். அவருக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால் ஆஸ்பத்திரிச் செலவு அரசாங்கத்தின் தலையில் விழக் கூடாது. ஆகவே தனியார் இன்சூரன்ஸ் ஒன்று எடுத்து வாருங்கள். எது என்று நான் சொல்ல முடியாது, நீங்களே பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இன்றிலிருந்து மூன்றாவது வெள்ளிக்கிழமையோடு உங்கள் பாஸ் முடிகிறது.

"நீங்களே தேர்ந்தெடுங்கள்" என்றாரே, அதில் ஆரம்பித்தது வினை. எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் ஒரு சட்டைத் துணியைக்கூட ஓர் ஆள் தனியாகத் தேர்ந்தெடுத்தது கிடையாது.

"இன்சூரன்ஸா? நம்ம மரியதாஸ் இருக்கானே!" என்றார் மாமியார். மரியதாஸ் அவருடைய தம்பி, ஆயர் தாவார் பக்கம் ஒரு தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறார். "அவன உட்டுட்டு வெளி ஆளுகிட்ட போனா, அப்புறம் நான் அவன் மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

செவ்வாய்க்கிழமை நானும் ரெஜினாவும் ஆயர் தாவாருக்குப் பஸ் ஏறினோம். நடுவழியில் பஸ் நின்றது. பழுதோ என்று எட்டிப் பார்த்தேன். டிரைவர் இறங்கிப்போய்ச் சாலையோரத்தில் குத்துக்காலிட்டு, பலாப்பழம்போல முள் வைத்த டுரியான் பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கண்டக்டர் அவருக்கு இன்னொரு பழம் தட்டிப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் என்றால் டிரைவரைக் காலரைப் பிடித்துத் தூக்கியிருப்பார்கள். இங்கே பஸ்ஸிலிருந்த அத்தனை பேரும் இறங்கிப்போய் அவரோடு உட்கார்ந்துவிட்டார்கள். "நீங்களும் வாங்க" என்றாள் ரெஜினா. நான் ஜன்னலை மூடிக்கொண்டேன். அந்தப் பழத்தின் நாற்றம் ஜன்னலுக்கெல்லாம் கட்டுப்படுகிற நாற்றமில்லை.

மரியதாஸ் மாமா தோட்டத்து வாசலிலேயே காத்திருந்தார். ரப்பர் மரத்தையெல்லாம் வெட்டிவிட்டு எண்ணெய்ச் செம்பனை வைத்திருந்தார்கள். நடுப்பகலில் மாலை ஆனமாதிரி இருட்டு. காட்டுப்பன்றிக் கறிப் பிரட்டலும் சோறும் போட்டார்கள். நான் "போதும்" என்று சொல்லும்போதெல்லாம் மாமாவின் முகம் விழுந்துவிடும், உடனே இன்னொரு கரண்டி விழும். புது மாப்பிள்ளை வயிறு அந்த நாட்டில் பொதுச்சொத்து.

சாப்பிட்டு முடித்ததும் மாமா வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். தோட்டத்து மரண சகாய நிதிக்கு அவர்தான் பொருளாளராம்.

"மாப்பிள, நம்ம நிதிய அடிச்சிக்க இந்தப் பேராக் ஸ்டேட்டுலயே ஆள் இல்ல. நீ செத்துப்போறன்னு வையி. தேக்குப் பெட்டி. ரெண்டு ராத்திரிக்குக் காப்பி, பிஸ்கட். ஜனம் போக லோரி. முன்னால பேண்டு!"

"பேண்டுமா?"

"வேற தோட்டத்துல பேண்டு இல்ல லா. நம்மகிட்டதான். அதுவும் யூனிஃபார்ம் போட்ட பேண்டு."

"மாமா, காய்ச்சல் வந்தா?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "காய்ச்சல் வந்தா டிரஸர்கிட்ட போ. மருந்து ஊத்திக் கொடுப்பாரு. அதுக்கும் மேல ஆயிருச்சின்னா, நாங்க இருக்கோம்லா."

டிரஸர் என்பவர் தோட்டத்து மருந்துக்கடை வைத்தியர். எந்தத் தோட்டத்துக்காரரைக் கேட்டாலும் உடம்புக்கு வருவது டிரஸர் பாடு, உயிர் போவதுதான் சகாய நிதியின் பாடு. இன்சூரன்ஸ் என்றால் அவர்களுக்கு அது ஒன்றுதான். மறுக்க எனக்கு வாய் வரவில்லை. கையெழுத்துப் போட்டேன். மாமா என் கையைப் பிடித்துக் குலுக்கி, "இனிமே ஒனக்குக் கவலையே இல்ல" என்றார்.

வியாழக்கிழமை அந்த ரசீதைப் புவான் ஹலீமா கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். ரெஜினா ஒவ்வொரு வரியாக மலாயில் விளக்கினாள். பேண்டு இடத்தில் கொஞ்சம் தடுமாறினாள். அந்த அம்மையார் சிரிக்கவில்லை, அதுதான் அவருடைய நல்ல குணம். "இறந்தவருக்கு என்னுடைய பாஸ் தேவைப்படாது" என்றார். "உயிரோடு இருக்கும்வரை என்ன செய்வார் என்றுதான் கேட்கிறேன்."

வெள்ளிக்கிழமை டேவிட் அண்ணனைப் பார்த்தோம். இவர் நிஜ இன்சூரன்ஸ் ஏஜெண்டு. ரெஜினா போகும் மாதா கோயிலில் பாடகர் குழுவில் பாடுகிறவர். மனச்சாட்சிக்குப் பேர் போனவர். ஒரு தடவை பூசைக்குப் பிந்தி வந்ததற்காகத் தானே எழுந்து நின்று சபையிடம் மன்னிப்புக் கேட்டாராம். இதைக் கேட்டபோதே நான் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

அவரிடம் இரண்டு வகை இருந்தன. ஒன்று விபத்துக்கு மட்டும். காடி, அதாவது கார், மோதினால் உண்டு, மரத்திலிருந்து விழுந்தால் உண்டு, பாம்பு கடித்தால் உண்டு, வயிற்றுப்போக்குக்குக் கிடையாது. மற்றது ஆஸ்பத்திரிக் கட்டில், ஆபரேஷன், மருந்து எல்லாவற்றுக்கும். ஆனால் டாக்டர் சோதித்துப் பார்க்க வேண்டும், கூடவே ஏஜெண்டும் கையெழுத்துப் போட வேண்டும். இந்த ஆளுக்கு நோய் இருப்பதாக நான் அறியவும் இல்லை, கேள்விப்படவும் இல்லை என்று.

"ரெண்டாவதுதான் ஆபீஸ்ல எடுப்பாங்க. அதையே போலாம்" என்றார் டேவிட் அண்ணன். "ஆளப் பார்த்தா கல்லுமாதிரி இருக்காரு. என்னா இருக்கு? திங்கக்கெழம டாக்டரப் பாருங்க, செவ்வாக்கெழம நான் சைன் போடுறேன்." காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

சனிக்கிழமை மாலை மாமியார் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு தனியாக எங்கோ போய்விட்டு வந்தார். நாங்கள் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை. எங்கள் ஊர்க் கோயிலைப்போலவே கூட்டம், அதே பாட்டு, ஆனால் தலைக்கு மேல் விசிறி சுற்றியது. நான் சுகமாக உட்கார்ந்திருந்தேன். மன்றாட்டு வேளையில், சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் எழுந்து, யார் யாருக்காகப் பூசை கேட்டிருக்கிறார்கள் என்று வாசிக்க ஆரம்பித்தார். இவரிடம் சில வகை வாசகம்தான் உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். இறந்தவருக்கு ஒன்று, நோயாளிக்கு ஒன்று, பரீட்சை எழுதுபவருக்கு ஒன்று, பிள்ளை வரம் கேட்பவருக்கு ஒன்று. இன்சூரன்ஸுக்கு அவரிடம் வாசகம் இல்லை. மாப்பிள்ளைக்கு உடம்பு சோதனை நல்லபடி முடியணும் என்று ஒருத்தி வந்து கேட்டால், அவர் பாவம் எந்தப் பெட்டியில் போடுவார்?

"ஜெலாப்பாங் லூர்தம்மாள் அவர்களின் மருமகனும், இந்தியாவிலிருந்து வந்து கொடிய நோயால் வாடுபவருமாகிய சவரிமுத்து, மருத்துவர்களின் கைகளில் விரைவில் நலம் பெற..."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!" என்று கோயிலே அதிர்ந்தது. பாடகர் குழுவிலிருந்து டேவிட் அண்ணன் குரல் கணீரென்று தனியாகக் கேட்டது. கேட்ட பிறகுதான் யாருக்கு மன்றாடினோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் சிரித்து வைத்தேன். சாகக் கிடக்கிறவன் சிரிக்கிற சிரிப்பாக அது அவருக்குப் பட்டதாம்.

அன்று மத்தியானமே ஜனம் நோயாளியைப் பார்க்க வர ஆரம்பித்துவிட்டது. ஆரஞ்சு, ரொட்டி, சத்துமாவு டின். எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லச் சொல்ல, "பாவம், ஒடம்பு வலிக்குள்ளயும் எப்படிப் பேசுது பாரு" என்று உச்சுக்கொட்டினார்கள். ஓர் அக்கா என்னைக் கட்டாயமாகப் படுக்க வைத்து நெற்றியில் யூடிகோலோன் நனைத்த துணியைப் போட்டார். மாமியார் பிரியாணி செய்திருந்தார், ஒரு பிடி பிடித்திருந்தேன், படுத்ததும் கண் சொருகிவிட்டது. விழித்தபோது கட்டிலோரத்தில் திராட்சைப் பழத்தோடு டேவிட் அண்ணன் நின்றிருந்தார். அவர் கண்ணில் தண்ணீர்.

திங்கட்கிழமை பழைய டவுனில் சீன டாக்டர் என்னைத் தட்டினார், ஊதச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார். நர்சிடம் கான்டனீஸில் ஏதோ சொன்னார். ரெஜினாவுக்கு அந்தப் பாஷை கொஞ்சம் தெரியும். "எருமைமாதிரி இருக்கான், இவனை எதுக்கு இங்க கூட்டிட்டு வந்தாங்கன்னு கேக்குறாரு" என்றாள்.

செவ்வாய்க்கிழமை எருமைச் சான்றிதழோடு டேவிட் அண்ணனிடம் போனோம். அவர் பேனாவை எடுக்கவே இல்லை.

"டாக்டர் அவரு பார்த்தத எழுதியிருக்காரு, ரெஜினா. நான் கேட்டத எழுதணும். கோயில் முழுக்கக் கேட்டுச்சி. நானே வாய் தொறந்து மன்றாட்டைக் கேட்டருளும்னு பாடியிருக்கேன். இப்ப நோயே கேள்விப்படலன்னு எப்படி சைன் போடுறது? அப்ப நான் சாமிகிட்ட பொய் சொன்னேனா, கம்பெனிகிட்ட பொய் சொல்றேனா?"

"அண்ணே, அது அம்மா தெரியாமக் கேட்டது."

"தெரியாமக் கேட்டாலும் கேட்டது கேட்டதுதானே லா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நோய் இல்லாதவனுக்கு நோய் இல்லை என்று கையெழுத்துப் போட ஓர் ஆள் கிடைக்கவில்லை! பாளையங்கோட்டையில் என்றால் இரண்டு காப்பிக்கு எந்த நோயும் இல்லை என்று எழுதி வாங்கிவிடலாம், நான்கு காப்பிக்கு எந்த நோயும் இருக்கிறது என்றும் வாங்கிவிடலாம். போங்கடா நீங்களும் உங்கள் பாஸும் என்று பெட்டியைக் கட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. சொன்னால் என்ன, எனக்குப் பாதி மனசு அப்போதும் ஊரில்தான் இருந்தது. ரெஜினாவும் வருகிறேன் என்கிறாள். பிறகு எனக்கென்ன நஷ்டம்?

வீட்டில் விஷயத்தைக் கேட்ட மாமியார், "நான் செஞ்சது, நானே சரி பண்றேன் மாப்பிள" என்றார். என்னத்தைச் சரி பண்ணுவார் என்று அந்த வாரம் முழுக்க எனக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை புரிந்தது.

"கொடிய நோயிலிருந்து புதுமையாகக் குணமடைந்த சவரிமுத்துவுக்காக, நன்றிப் பூசை கேட்பவர் ஜெலாப்பாங் லூர்தம்மாள்."

புதுமை என்றால் கோயில் பாஷையில் அற்புதம். கோயிலில் ஒரு சலசலப்பு. பூசை முடிந்ததும் என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒரு வயதானவர் என் சட்டையைத் தொட்டுத் தன் மூட்டுவலிக் காலில் தேய்த்துக்கொண்டார். கூட்டம் கலைந்ததும் டேவிட் அண்ணன் வந்தார். மனிதர் ஒரு வாரத்தில் இளைத்திருந்தார்.

"இப்ப இன்னும் சூசா ஆயிருச்சி தம்பி" என்றார். சூசா என்றால் மலாயில் சங்கடம். "போன வாரம் நோயின்னுதான் கேட்டேன். இப்ப புதுமைன்னு கேக்குறேன். புதுமை நடந்துதான் கொணமாவணும்னா, அது என்னா நோயி?"

பாஸ் முடிய அந்த ஒரு வாரம்தான் பாக்கி. திங்கட்கிழமை ரெஜினா வேறு ஏஜெண்டைப் பார்க்கலாம் என்று என்னைத் தஞ்சோங் மாலிமுக்கு ரயிலில் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஆ செங் என்ற சீனர். தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பக்கத்திலேயே கடை வைத்திருந்த குடும்பமாம், தமிழ் எங்களைவிடச் சுத்தமாகப் பேசினார். ஆவியில் வெந்த பாவ் ரொட்டி வாங்கி வைத்தார். உள்ளே கோழிக்கறி. இட்லிக்குள் குழம்பை ஒளித்து வைத்ததுபோல இருந்தது. இந்தத் தடவை நன்றாக இருக்கிறது என்று நானே வாய்விட்டுச் சொன்னேன்.

விண்ணப்பப் பாரத்தை நிரப்பிக்கொண்டே வந்தவர் ஒரு கேள்வியில் நின்றார். "வேற கம்பெனில யாராச்சும் ஒங்களுக்கு முடியாதுன்னு சொன்னாங்களா?"

நான் இல்லை என்று தலையாட்ட, "ஆமா" என்றாள் ரெஜினா. பொய் சொல்ல மாட்டாள். அவளைக் கட்டியதில் எனக்கு இருக்கும் ஒரே கஷ்டம் அதுதான். முழுக்கதையையும் சொன்னாள். ஆ செங் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அண்ணே, பேர் இல்லாத நோயின்னாதான் கம்பெனிக்குப் பயம். ஒரு பேரு சொல்லிட்டீங்கன்னா அத மட்டும் நீக்கிட்டு மத்ததுக்கு எழுதிக் கொடுப்பான். அந்த டேவிட்டுகிட்டயே போங்க."

ஆக, செவ்வாய்க்கிழமை மாலை, எனக்கு ஒரு நோயைத் தேர்ந்தெடுக்க எங்கள் குடும்பம் கூடியது. பொய் சொல்லாத ரெஜினாகூட, பாஸ் முடியப் போகிறதே என்று உட்கார்ந்துவிட்டாள். மரியதாஸ் மாமா ஆயர் தாவாரிலிருந்து வெள்ளைச் சட்டையோடு வந்துவிட்டார்.

"சீனி வியாதி?" என்றார் மாமா.

"வேணாம். நம்ம ரெண்டு பக்கமும் சீனி இருக்கு. பின்னால நெசமாவே வந்தா இன்சூரன்ஸ் கெடைக்காது" என்றாள் ரெஜினா. நியாயம்தான். வரக்கூடிய நோயாக இருக்கக் கூடாது.

"காசநோயி?"

"குடிநுழைவுல நாளைக்கே கப்பலேத்திருவாங்க."

"மூலம்?" மாமா குரலைத் தாழ்த்தவே இல்லை. பக்கத்து வீட்டு ரேடியோ நின்றது.

"மாமா!" என்றேன்.

"வெக்கப்பட்டா எப்படி? சரி, பைத்தியம்? நல்ல நோயி. வலி கெடையாது."

"பொன்னுக்குவீங்கின்னு சொல்லலாமா? ஒரு தடவை வந்தா மறுபடி வராது" என்று நானே என் நோய்க்கு ஒரு யோசனை சொன்னேன்.

அதுவரை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமியார் கத்தியைக் கீழே வைத்தார். "அது பெரிய ஆம்பளைக்கு வந்தா புள்ள பொறக்காதுன்னு சொல்லுவாங்க. எம் மவளுக்கு அந்தப் பேரு வேணாம்."

கடைசியில் பல்வலி என்று முடிவாயிற்று. தொற்றாது, மானம் போகாது, பரம்பரைக்கும் இறங்காது. பல்லுக்கு எந்தக் கம்பெனியும் எப்படியும் கொடுப்பதில்லையாம். இவ்வளவு உத்தமமான நோயை நான் பார்த்ததில்லை. நாங்கள் நால்வரும் சந்தோஷமாக டேவிட் அண்ணன் வீட்டுக்கு நடந்தோம்.

டேவிட் அண்ணன் கேட்டுவிட்டு வெகுநேரம் என் வாயையே பார்த்தார். பிறகு மாமியாரிடம் திரும்பினார். "லூர்தக்கா, பல்வலிக்கா ரெண்டு பூச கேட்டீங்க? அதுலயும் ஒண்ணு நன்றிப் பூச? நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன். ஒங்க வாயால சொல்லுங்க."

மாமியார் வாசலுக்குப் போனார். செருப்பை மாட்டிக்கொண்டு விடுவிடென்று நடந்துவிட்டார். அன்றிரவு சோற்றைப் போட்டுவிட்டுத் தான் சாப்பிடாமல் படுத்துவிட்டார். ரெஜினா என் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். பிறகு தன்னுடையதையும் எடுத்து வைத்தாள். அடுத்த அறையில் மாமியார் புரண்டு புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.

புதன்கிழமைதோறும் கோயிலில் மாதாவுக்கு நவநாள் ஜெபம். வேண்டுதல்களை உபதேசியார் உரக்க வாசிப்பார். வேலை முடித்துச் சமையல் வாடையோடு மாமியார் நேராகக் கோயிலுக்கு வந்தார். எங்களோடு உட்காராமல் முன்வரிசைக்குப் போனார். உபதேசியார் தாளைப் பிரித்து, "ஜெலாப்பாங் லூர்தம்மாள் குடும்பத்தில் கொடிய பல்..." என்று ஆரம்பித்தார். நாங்கள் முடிவு செய்த நோயைப் பாவம் மரியதாஸ் மாமாவே போய் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"நிப்பாட்டுங்க உபதேசியாரே" என்று மாமியார் எழுந்துவிட்டார். 

"எம் மாப்பிளைக்கு ஒரு நோயும் இல்ல. பல்லுகூட நல்லாத்தான் இருக்கு. வந்த நாள்லருந்து நல்லாச் சாப்புடுறாரு, நல்லாத் தூங்குறாரு. நாந்தான் பயந்துட்டேன். அவர இங்க இருக்க உடலன்னா எம் மவளும் கூடப் போயிரும். போகணும்தான், புருசன்லா, நான் வேணாங்கல. ஆனா அது போயிட்டா நான் யாருக்கு ஆக்குவேன்? நூறு பேருக்குக் கேண்டீன்ல ஆக்கிட்டு வந்து, வீட்டுல யாருக்கு லா ஆக்குவேன்? அந்தப் பயத்துக்குத்தான் பூச கேட்டேன். வேற ஒண்ணுக்கும் இல்ல."

சொல்லிவிட்டு அவர் உட்காரவில்லை. எப்படி உட்காருவது என்று தெரியாதவர்போல நின்றார். உபதேசியாருக்கு இதற்கும் வாசகம் இல்லை. ஆனால் ஜனத்துக்கு ஒரே பதில்தான் பழக்கம். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். யாரும் உரக்கச் சொல்லவில்லை.  இரண்டு வாரமாக இந்த அம்மாளை மனசுக்குள் எத்தனை திட்டியிருக்கிறேன்! ரெஜினா என் தோளில் முகத்தை வைத்துத் தேம்பித் தேம்பி அழுதாள்.

வாசலில் டேவிட் அண்ணன் பையோடு நின்றார். "அக்கா, இப்ப கேட்டேன். எல்லாரோடயும் சேர்ந்து கேட்டேன். இது போதும்" என்று மதில்மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் கம்பெனியில் தற்காலிகக் கவர் நோட்டும் வாங்கித் தந்துவிட்டார். அதில் எல்லா நோய்க்கும் உண்டு. மாமியார் பல்வலி என்று சொல்லிவிடுவார் என்று நம்பி டேவிட் அண்ணன் முந்தின நாளே தட்டச்சடிக்கக் கொடுத்திருந்ததால் "பல் நீங்கலாக" என்ற வரி மட்டும் தங்கிவிட்டது. தட்டச்சில் ஒரு பிழைகூட இல்லை, நான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை மாமியாரும் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு எங்களோடு வந்தார். உள்ளே வரமாட்டேன் என்று வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். புவான் ஹலீமா கவர் நோட்டைப் படித்தார். பல்லுக்கு என்ன என்று கேட்கவில்லை. கடைசியாக ஒரு கேள்வியை என்னைப் பார்த்தே கேட்டார், எதற்காக இந்த நாட்டில் தங்க விரும்புகிறீர்கள் என்று.

இந்தக் கேள்வி வரும் என்று ரெஜினா எனக்கு ஒரு மலாய் வாக்கியத்தை உருப்போட வைத்திருந்தாள், மனைவியோடு வாழ விரும்புகிறேன் என்று. வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். வாயைத் திறந்தேன். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மாமியார் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"இபு மெர்துவா" என்றேன். மாமியாருக்கு மலாயில் அதுதான் பேர்.

புவான் ஹலீமா புரியாமல் ரெஜினாவைப் பார்த்தார். மனைவி என்று சொல்ல வந்து மாற்றிச் சொல்லிவிட்டாரா? ரெஜினாவும் திகைத்துப் போனாள். நான் கையை நீட்டி வாசல் பெஞ்சைக் காட்டி மறுபடியும் சொன்னேன். மாமியார். அவங்களுக்காக.

இரண்டு வாரமாகச் சிரிக்காத அந்த அம்மையார் அன்று சிரித்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார், அவர் அடுத்தவரிடம் சொன்னார். மாமியாருக்காக நாடு விட்டு நாடு வந்து தங்கும் ஆண்பிள்ளையை அந்த அலுவலகம் பார்த்ததில்லையாம். சிரித்துக்கொண்டே என் பாஸ்போர்ட்டை எடுத்து, சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். ஒரு வருடம்.

வெளியே வந்ததும், உள்ளே என்ன சிரிப்பு என்று மாமியார் கேட்டார். ரெஜினா சொன்னாள். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "கவர்மெண்டு ஆபீசுல போயிப் பேசுற பேச்சா மாப்பிள இது? நாலு பேரு என்னா நெனப்பாங்க? மானமே போச்சி!" பஸ் நிறுத்தம் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார். 

பஸ்ஸில் எங்களுக்கு முன் இருக்கை அவருக்குக் கிடைத்தது. பக்கத்தில் காய்கறிப் பையோடு ஒரு சீனத்து அம்மாள். முன்பின் தெரியாதவர். பஸ் கிளம்பியதோ இல்லையோ, மாமியார் அந்த அம்மாளின் முழங்கையைத் தட்டி, திரும்பி என்னைக் காட்டி, மலாயில் ஆரம்பித்துவிட்டார். மெர்துவா என்ற சொல் வரும்போதெல்லாம் தன் நெஞ்சில் தட்டிக்கொண்டார். ஜெலாப்பாங்கில் இறங்குவதற்குள் அதை அவர் பஸ் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.